வேடனின் துவக்கும் விதிநூலும்
இலக்குச் சுடுதற் போட்டிகளின் கருவி விதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரச கட்டளைகள், கல்வெட்டுக்கள், காணிப் பதிவுகள் முதலியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் நாம் விளையாட்டுப் போட்டிகளின் விதிநூல்களை அவ்வாறு நோக்குவதில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் சட்டங்களைப் படிக்கும் அதே முறையால் விதிநூல்களையும் படித்தல் கூடும். குளத்து நீரை முறைமாறித் திருப்புவோருக்குத் தண்டம் விதிக்கும் கல்வெட்டொன்றைக் காணும்போது, அவ்வாறு திருப்பியோர் இருந்தனர் என்றே முடிவு செய்கிறோம். விதிநூலின் ஒவ்வொரு வாசகமும் இத்தகையதே. "ரவைக்கூடு இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும்" என்று ஒரு விதி கூறுமாயின், இயங்காத ரவைக்கூட்டுடன் எவரேனும் வந்திருத்தல் வேண்டும். அல்லது வரக்கூடும் என்ற அச்சமாவது விதியை வகுத்தோருக்கு இருந்திருத்தல் வேண்டும். இக்கட்டுரை, வேட்டைத் துப்பாக்கி வகுப்புக்கள் எனப்படும் போட்டிப் பிரிவுகளின் கருவி விதிகளை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றது.

முதலிற் பிரச்சினையைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. வேட்டைக்குப் பயன்படும் றைபிள் நாள் முழுவதும் தோளிற் சுமந்து செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். குளிரிலும் மழையிலும் விறைத்த விரல் பட்டவுடன் வெடித்துவிடாதவாறு அதன் விசை ஓரளவு கடினமாய் இருத்தல் வேண்டும். இரண்டாம் வெடிக்கு ஆயத்தமாக ரவைக்கூட்டில் தோட்டாக்கள் இருத்தல் வேண்டும். விலங்கைத் துன்புறுத்தாது வீழ்த்தும் வலு அத்தோட்டாவுக்கு இருத்தலும் வேண்டும். இலக்குத் துப்பாக்கிக்கோ இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. பாரமான குழல் அதிராது; அகன்ற சோங்கு அசையாது; மயிரிழை தொட்டாற் போதுமான விசை குறியைக் கலைக்காது; சிறிய தோட்டா தோளை உதைக்காது. எனவே தடையின்றி வளரவிடின், இலக்குத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியை விட்டு வெகுதூரம் விலகிச் செல்லும். போட்டி மைதானத்துக்கு வெளியே அதற்குப் பயனும் இராது.

வேட்டைத் துப்பாக்கி வகுப்பு இவ்விலகலுக்கு எதிராக எழுந்த ஒன்றாகும். சாதாரண மனிதன் தன் வீட்டிலுள்ள துவக்குடன் வந்து பிறரோடு நேர்மையாகப் போட்டியிடலாம் என்னும் உறுதிமொழியே அதன் அடிப்படை. இவ்வுறுதிமொழியை விதிநூல் எவ்வாறு காக்க முயன்றது, எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பனவே நம் முன்னுள்ள வினாக்கள்.

கருவி விதிகளின் தொடக்க நிலையை அறிதற்கு 1874ஆம் ஆண்டின் கிறீட்மூர்ப் போட்டி சிறந்த எடுத்துக்காட்டாகும். 1873இல் விம்பிள்டனில் எல்க்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணியினர் அமெரிக்கருக்கு அறைகூவல் விடுத்தனர். நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியில் அமைந்த கிறீட்மூர் மைதானத்தில், 1874 செப்ரெம்பர் 26ஆந் திகதி, 800, 900, 1000 யார் தூரங்களில் போட்டி நடைபெற்றது. துப்பாக்கியின் நிறை 10 இறாத்தலுக்கு மேற்படலாகாது; விசையை இழுக்கும் பளு 3 இறாத்தலுக்குக் குறையலாகாது; தொலைநோக்கி பொருத்துதல் கூடாது என்பனவே முக்கிய நிபந்தனைகள். 934 புள்ளிகள் பெற்ற அமெரிக்க அணி, 931 புள்ளிகள் பெற்ற அயர்லாந்து அணியை வென்றது. அயர்லாந்து வீரருள் ஒருவரான மில்னர் தவறுதலாக வேறொருவரின் இலக்கின் நடுவே சுட்டமையாற் புள்ளிகளை இழந்தார் என்பது அப்போட்டி பற்றி இன்றும் நினைவுகூரப்படும் செய்தியாகும்.

நமக்கு முக்கியமானவை வெற்றி தோல்விகள் அல்ல. அயர்லாந்து வீரர் வாய்வழி மருந்திடும் றிக்பி துப்பாக்கிகளைக் கொண்டு வந்தனர். அமெரிக்கர் பின்புறம் தோட்டா இடும் றெமிங்ரன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளைக் கையாண்டனர். இவ்விரு கம்பனிகளின் துப்பாக்கிப் பொறியமைப்புக்களும் அமெரிக்க மேற்குச் சமவெளிகளில் எருமை வேட்டையாடுவோர் கைகளிற் புழங்கியவை. ஆனால் கிறீட்மூருக்கு வந்த துப்பாக்கிகள் வேடரின் துப்பாக்கிகள் அல்ல. நீண்ட குழலும், நுட்பமாக நகர்த்தத்தக்க குறிபார்க்கும் கருவியும் கொண்டு அப்போட்டிக்கென்றே ஆக்கப்பட்டவை. 10 இறாத்தல் என்ற எல்லையும், 3 இறாத்தல் என்ற விசைப்பளுவும் ஒரு மனிதன் தோளிற் சுமக்கும் துப்பாக்கியை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. துப்பாக்கி செய்வோரோ அவ்வெல்லைக்கு உட்பட்டே புதியதோர் இனத்தைப் படைத்தனர். விதி நிறையைக் காத்தது. துப்பாக்கியின் இயல்பை அதனாற் காக்க இயலவில்லை. பின்வந்த நூறாண்டுகளிலும் இதுவே மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததைக் காண்போம்.

நிறையைக் காத்தல் ஒரு வழியெனின், வேட்டையின் தோற்றத்தைக் காத்தல் இன்னொரு வழியாகும். 1908இல் இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் ஓடும் மான் என்னும் நிகழ்ச்சி இடம்பெற்றது. மான் வடிவில் ஆக்கப்பட்ட இலக்கொன்று குறுக்கே நகர, வீரர் அதனைச் சுட்டனர். ஒற்றை வெடிப் பிரிவில் தங்கப்பதக்கம் பெற்ற சுவீடன் நாட்டு ஒஸ்கார் சுவான் அப்போது அறுபது வயதினர். 1920இல் தமது 72ஆம் வயதிலும் அவர் இதே வகை நிகழ்ச்சியில் அணிக்கான வெள்ளிப்பதக்கத்தில் பங்குபெற்றார். வேட்டையிற் பழகிய கண்ணும் கையும் முதுமையிலும் பயன்பட்டமைக்கு இது சான்றெனலாம். ஓடும் மான் 1924 வரையும், பின்னர் 1952, 1956ஆம் ஆண்டுகளிலும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 1972இல் அந்நிகழ்ச்சி மீண்டும் வந்தபோது 100 மீற்றர் தூரம் 50 மீற்றராகியது, மான் காட்டுப்பன்றியாகியது, பெரிய தோட்டாவுக்குப் பதிலாகச் சிறுகுழல் றைபிள் வந்தது. 1992இல் அது 10 மீற்றர் தூரத்துக் காற்றுத் துப்பாக்கி நிகழ்ச்சியாயிற்று. 2004இன் பின் ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது. இடவசதி, செலவு, பாதுகாப்பு ஆகிய காரணங்கள் சுடுதற் போட்டிகளைச் சிறிய தூரங்களுக்குத் தள்ளுவது இயல்பே. ஆயினும் இலக்கிலே விலங்கின் உருவம் நிலைத்திருக்க, அவ்விலங்கை வீழ்த்தவல்ல கருவி படிப்படியாக மறைந்துபோனமை கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி வளர்ந்த மேசைத் தாங்கற் போட்டிகள் மூன்றாவது வழியைக் காட்டுகின்றன. இங்கு வீரர் மேசையொன்றின் முன் அமர்ந்து, மணல்மூட்டைகளின் மீது துப்பாக்கியைத் தாங்கிச் சுடுவர். மனிதனின் தளர்ச்சியை இயன்றவரை நீக்கித் துப்பாக்கியின் துல்லியத்தை மட்டும் அளப்பதே நோக்கம். 1951இல் இதற்கெனத் தேசிய சங்கமொன்று அமைந்தது. எல்லையற்ற வகுப்பிற் பங்குகொண்ட துப்பாக்கிகள், ஒருவர் தூக்கிச் செல்ல இயலாத அளவுக்குப் பாரமுடையனவாயின. எனவே கையாளத்தக்க துப்பாக்கிகளுக்கெனத் தனி வகுப்புக்கள் வகுக்கப்பட்டன. பயிரழிக்கும் சிறுவிலங்குகளைச் சுடும் துப்பாக்கியின் பெயரால் 13½ இறாத்தல், 10½ இறாத்தல் என இரு வகுப்புக்களும், வேட்டைத் துப்பாக்கியின் பெயரால் 10½ இறாத்தல் நிறையும் 6 மில்லிமீற்றருக்குக் குறையாத குழல்விட்டமும் கொண்ட இன்னொரு வகுப்பும் தோன்றின.

இப்பெயர்கள் நெடுநாள் பொருளுடன் நிலைக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியிற் பல்மிசானோ, பின்டெல் என்னும் இருவர், குறுகிய தடித்த கோதையுடைய புதிய தோட்டாவொன்றை உருவாக்கினர். அதன் 6 மில்லிமீற்றர் வடிவம் மேசைத் தாங்கற் போட்டிகளை முற்றாக ஆட்கொண்டது. இத்தோட்டாவுக்கென அமைந்த 10½ இறாத்தல் துப்பாக்கியொன்று பயிரழிக்கும் விலங்கு வகுப்பின் விதிக்கும் பொருந்தியது. வேட்டைத் துப்பாக்கி வகுப்பின் விதிக்கும் பொருந்தியது. ஒரே துப்பாக்கியை ஒருவர் காலையில் ஒரு பெயராலும் மாலையில் மறுபெயராலும் கையாளலாம். அத்துப்பாக்கிக்கு ரவைக்கூடு இல்லை. அதன் சோங்கின் முன்பகுதி மணல்மூட்டையில் அசையாது படியும் வண்ணம் தட்டையாகவும் 3 அங்குலம் வரை அகலமாகவும் அமைந்தது. காட்டுக்குச் செல்லும் எவரும் அதனை எடுத்துச் செல்லார். விதி ஒன்றும் மீறப்படவில்லை. வகுப்பின் பெயர் மட்டுமே பொருளிழந்தது.

இக்குறையை நீக்கும் நோக்குடன் அமைந்தது போல் விளங்குகின்றன, வேடர் வகுப்பு எனப்படும் பிரிவின் விதிகள். நிறை தொலைநோக்கியுடன் 10 இறாத்தலுக்கு மேற்படலாகாது. தொலைநோக்கி ஆறு மடங்குக்கு மேல் உருப்பெருக்கலாகாது. சோங்கின் முன்பகுதி 2¼ அங்குலத்துக்கு மேல் அகலலாகாது. அதன் அடிப்புறம் தட்டையாக இராது புறம் வளைந்திருத்தல் வேண்டும். குறைந்தது இரு தோட்டாக்கள் கொள்ளும் ரவைக்கூடு இருத்தல் வேண்டும். தோட்டாக் கோதின் கொள்ளளவு, 1895இல் அறிமுகமாகி அமெரிக்க மான் வேட்டையின் மறுபெயராகவே விளங்கிய .30-30 வின்செஸ்ரர் தோட்டாவின் கொள்ளளவுக்குக் குறையலாகாது.

இவ்விதிகளை வரிசையாகப் படிப்போர் முன்னைய வகுப்பின் வரலாற்றையே தலைகீழாகப் படித்தவராவர். தட்டையான சோங்கு வந்தது. ஆகவே வளைவு விதிக்கப்பட்டது. ரவைக்கூடு மறைந்தது, ஆகவே அது கட்டாயமாக்கப்பட்டது. சிறு தோட்டா ஆட்சி செலுத்தியது. ஆகவே கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. ஆயினும் ஒருவர் தடுக்கிற் பாய்ந்தால் மற்றவர் கோலத்திற் பாய்வார் என்னும் பழமொழிக்கு ஏற்ப, துப்பாக்கி வல்லுநர் இவ்வெல்லைகளையும் அளந்து கற்றனர். விதி கூறும் கொள்ளளவை மட்டுமட்டாக எட்டும் வண்ணம் புதிய கோதுகள் உருவாக்கப்பட்டன. விதிக்கு அமைய ரவைக்கூடும் வளைந்த சோங்கும் கொண்டு, ஆயினும் போட்டியைத் தவிர வேறெதனையும் கருதாது, தனித்தனியே செய்விக்கப்பட்ட துப்பாக்கிகள் வந்தன. கடையில் வாங்கிய துவக்குடன் வந்தவர் அவற்றோடு போட்டியிட்டு வெல்லுதல் அரிதாயிற்று.

இதற்கு விதியை வகுத்தோரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. காரணம் போட்டியின் அமைப்பிலேயே உள்ளது. மணல்மூட்டையின் மேல் தாங்கிச் சுடும்போது துப்பாக்கியின் மிகச் சிறிய நலனும் இலக்கிற் பதிகின்றது. அங்குலத்தின் சில நூற்றிலொரு பங்கு வேறுபாடே வெற்றியைத் தீர்மானிக்கும் இடத்தில், எந்த மனிதனும் தன் வீட்டுத் துவக்குடன் மனநிறைவு கொள்ளான். வேடர் வகுப்பு வேடனின் கருவியை அங்குலம் அங்குலமாக வருணித்தது. ஆனால் எந்த வேடனும் காட்டிற் செய்யாத ஒரு செயலை அக்கருவியைக் கொண்டு செய்யுமாறு பணித்தது.

இதற்கு நேர்மாறான வழியை மெக்சிக்கோவிற் பிறந்த உலோக நிழலுருப் போட்டியிற் காணலாம். அந்நாட்டின் விழாக்களில் உயிருள்ள விலங்குகளைத் தொலைவிற் கட்டிவைத்துச் சுடும் வழக்கம் இருந்தது. மெக்சிக்கோப் புரட்சிக் காலத்துப் பஞ்சோ வில்லாவின் படைவீரருடன் அதன் தோற்றத்தைத் தொடர்புபடுத்தும் கதைகளும் உண்டு. கட்டப்பட்ட விலங்கிலிருந்து முதலில் இரத்தம் வரச் செய்தவரே வென்றவர் எனக் கொள்ளப்பட்டது. 1948இல் மெக்சிக்கோ நகரில் டொன் கொன்சாலோ அகிலார் என்பவர் விலங்குக்குப் பதிலாக உருக்கினால் வெட்டிய உருவங்களை நிறுத்திப் போட்டி நடத்தினார் என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தியாகும். ஒரு கொடிய கேளிக்கை, அதன் திறனை இழக்காமலே, கொடுமையை நீக்கிய நாளாக அதனைக் கருதுவதில் தவறில்லை.

போட்டியின் அமைப்பு எளிமையானது. 200 மீற்றரிற் கோழி, 300 மீற்றரிற் காட்டுப்பன்றியை ஒத்த ஹவலீனா, 385 மீற்றரில் வான்கோழி, 500 மீற்றரிற் செம்மறிக்கடா ஆகிய உருவங்கள் வரிசையாக நிற்கும். வீரர் நின்றவாறே, எதன்மீதும் சாராது, வாரோ தடித்த சுடுதற் சட்டையோ துணையின்றி, இரண்டரை நிமிடங்களில் ஐந்து உருவங்களை ஒழுங்கு மாறாது சுடுதல் வேண்டும். உருவம் நிலைபெயர்ந்து விழுந்தாலே புள்ளி உண்டு. குண்டு பட்டும் விழாதது தவறியதாகவே கொள்ளப்படும். 1960களின் பிற்பகுதியில் எல்லை கடந்து அரிசோனா மாநிலத்துக்கு வந்த இவ்விளையாட்டை, 1973இல் அமெரிக்கத் தேசிய றைபிள் சங்கம் ஏற்றுக்கொண்டது. கயீனா, குவாஹொலோத்தே, பொறேகோ என்னும் இஸ்பானியப் பெயர்கள் ஆங்கிலம் பேசும் வீரரிடையே நிலைத்தமை அதன் பிறப்பிடத்துக்குச் சான்று. இன்னொரு சான்றும் உண்டு. இப்போட்டியின் பொதுத் துப்பாக்கிக்கு விதிக்கப்பட்ட உச்ச நிறை 10 இறாத்தல் 2 அவுன்சு. இறாத்தற் கணக்கில் விளக்கமற்றுத் தோன்றும் இவ்வெண், 4.6 கிலோகிராமை மாற்றினால் வருவதாகும். மெற்றிக் அளவையைக் கையாளும் நாடொன்றின் முத்திரை அந்த இரு அவுன்சுகளில் மறைந்திருப்பதாகக் கொள்ளலாம்.

இவ்விளையாட்டிலும் காலப்போக்கிற் சிறப்புத் துப்பாக்கிகள் தோன்றின. எனவே பொதுத் துப்பாக்கி வகுப்புக்கு அருகே வேட்டைத் துப்பாக்கி வகுப்பொன்று அமைக்கப்பட்டது. அதன் உச்ச நிறை குறிபார்க்கும் கருவியுடன் 9 இறாத்தல். விசைப்பளு 2 இறாத்தலுக்குக் குறையலாகாது. குழல்விட்டம் 6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. பாதுகாப்புத் தடை இயங்குதல் வேண்டும். தோட்டாக்களை ரவைக்கூட்டிலிருந்தே ஊட்டுதல் வேண்டும். இதே போட்டியின் சிறுகுழல் வடிவில் உருவங்களும் தூரங்களும் ஐந்திலொன்றாகச் சுருங்க, வேட்டைத் துப்பாக்கியின் நிறை 8½ இறாத்தலாகக் குறையும். தொலைநோக்கியின் ஆற்றலுக்கு இங்கு எல்லையில்லை. மேசைத் தாங்கற் போட்டியின் வேடர் வகுப்போ ஆறு மடங்கோடு நிறுத்தியது. வேடன் என்னும் ஒரே சொல்லுக்கு இரு விதிநூல்கள் தரும் வரைவிலக்கணங்கள் இவ்வாறு முரண்படுகின்றன.

ஆயினும் உறுதிமொழியைச் சிறப்பாகக் காத்தது எது என்று வினவின், நிழலுருப் போட்டியே எனலாம். அதற்குக் காரணம் அதன் கருவி விதிகள் கடுமையானவை என்பதன்று. செய்யவேண்டிய செயல் வேட்டைக்கு அண்மையில் இருப்பதே காரணம். நின்றவாறு சுடும் மனிதனின் கை நடுங்குகின்றது; மூச்சு குறியை அசைக்கின்றது. அந்நடுக்கத்தின் முன், துப்பாக்கிக் குழலின் நுண்ணிய மேம்பாடு பெரும்பயன் தராது. அளவுக்கு மீறிய பாரம் கையைச் சோரச் செய்யும். தோட்டாவின் வலுவை அளவுக்கு மீறிக் குறைத்தால் 500 மீற்றரிற் செம்மறிக்கடா விழாது. வலுவை மிகுத்தால் தோள் வருந்தி, நாற்பது வெடிகள் கொண்ட போட்டியின் பிற்பகுதியிற் குறி தவறும். வேட்டைத் துப்பாக்கியை ஒரு காலத்தில் உருவாக்கிய அதே தேவைகள் இங்கும் தொழிற்படுகின்றன. எனவே, விதிநூல் எழுதாத இடத்திலும் போட்டியின் இயல்பே துப்பாக்கியைத் தன் பழைய வடிவுக்கு அண்மையில் நிறுத்துகின்றது.

இதற்கு மறுப்பும் உண்டு. நிழலுருப் போட்டியின் வேட்டைத் துப்பாக்கி வகுப்பிலும் செல்வமுடையோர் தேர்ந்த குழலும் சீர்செய்த விசையும் உடைய துப்பாக்கிகளைக் கொண்டு வருகின்றனர். ஒன்பது இறாத்தலுக்குச் சில அவுன்சு மட்டும் குறைய நிறுத்தப்பட்ட துப்பாக்கி, மலையேறும் வேடனின் துப்பாக்கியன்று என்பர் சிலர். இம்மறுப்பில் உண்மையுண்டு. எந்த எல்லையும் அதனை முட்டி நிற்போரை உருவாக்கும். ஆனால் முட்டி நிற்பவர் பெறும் நலன் எவ்வளவு என்பதே கேள்வி. அது சிறிதாயின், வீட்டுத் துவக்குடன் வந்தவரும் களத்தில் நிற்பார். பெரிதாயின், எத்தனை விதிகள் எழுதினும் அவர் அடுத்த ஆண்டு வாரார். வகுப்பொன்றின் வெற்றியை அளக்க வேண்டியது, விதிநூலின் பக்கங்களைக் கொண்டல்ல. இவ்வாறு திரும்பி வருவோரைக் கொண்டேயாம்.

கிறீட்மூர் நிறையைக் காத்தது. ஒலிம்பிக் தோற்றத்தைக் காத்தது. மேசைத் தாங்கற் போட்டி உறுப்புக்களைக் காத்தது. மெக்சிக்கோவின் விளையாட்டு செயலைக் காத்தது. முன்னைய மூன்றிலும் காக்கப்பட்ட பகுதி நிலைக்க, காக்கப்படாத பகுதி வழியே பொருள் நழுவிச் சென்றது. செயல் காக்கப்பட்ட இடத்திற் கருவியும் பெரும்பாலும் காக்கப்பட்டது. இது துப்பாக்கிகளுக்கு மட்டும் உரிய உண்மையன்று. பாரம்பரியக் கைத்தொழில், நாட்டுக்கூத்து, மரபுப் படகோட்டம் முதலியவற்றைப் போட்டிகளாலும் பரிசுகளாலும் பேண விரும்புவோரும் இதே வினாவை எதிர்கொள்வர். பொருளின் அளவுகளை எழுதிவைத்தால், அளவுகளுக்குப் பொருந்தும் புதுப்பொருளே கிடைக்கும். அப்பொருள் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அவ்வேலையைப் போட்டியில் வைத்தால், பழைய பொருள் தன் தகுதியினாலேயே நின்று நிலைக்கும். விதி வகுப்போர் அளவுகோலைக் கையில் எடுக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.